வாய்க்கால் பூண்டு

அத்தியாயம் பதினொன்று

மன்னார்குடியில் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்த மலர்க்கொடி, பத்தாம் நாள் காலை எட்டு மணி பஸ்ஸில் வடுகங்குடிக்குத் திரும்பினாள். வந்தவள் வீட்டுக்குள் நுழையவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே கொல்லைக்குப் போனாள்.

கொல்லையில் பச்சை வலை கட்டிய கொட்டகை. அதற்குள் இருபத்தெட்டுத் தெர்மோகோல் பெட்டிகள். கும்பகோணம் மீன் மார்க்கெட்டில் தூக்கி எறிந்தவற்றைக் கேட்டு வாங்கி வந்து, கவுச்சி போகக் கழுவிக் காயவைத்து, அடியில் வயல் களிமண்ணும் அதன்மேல் ஆற்றுமணலும் பரப்பித் தண்ணீர் நிறுத்தியவை. சுவரோரம் ஒரு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.

வலையைத் தூக்கிப் பார்த்தாள்.

தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. மணல் கலைந்து மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. செடி ஒன்றுகூட இல்லை.

கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள். அதிலும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு வடுகங்குடி வாய்க்காலைத் தூர்வார எந்திரம் வந்தது. வழித்து எடுத்துக் கரையைச் சிமென்ட்டால் பூசப் போகிறார்கள் என்று தெரிந்ததும், முந்தின நாளே அவளும் மாமியார் அம்சமும் முழங்கால் சேற்றில் இறங்கி ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்த செடி அது. தண்ணீருக்கடியில் வேர் ஊன்றி, ஓரம் நெளிந்த நீள இலைகளோடு வளரும். மீன்தொட்டிக் கடைக்காரர்கள் இந்த இனத்தைக் ‘கிரிப்டோ’ என்பார்கள். அம்சம் வாய்க்கால் பூண்டு என்பாள். வாய்க்காலில் அது அற்றுப்போய், கொல்லையில் மட்டும் பிழைத்திருந்தது. மூன்று வருஷம் இலையாகவே நின்றுவிட்டு, இந்த வைகாசியில்தான் கண்ணாடித் தொட்டியில் முதல் மொட்டு விட்டிருந்தது.

அந்தப் பூவைப் பார்க்கத்தான் இன்றைக்கு மூன்று மணிக்குத் திருச்சியிலிருந்து பேராசிரியை ரிஃப்கா வருகிறாள். அவளுடைய கல்லூரி ஆய்வில் மலர்க்கொடிக்கும் ஓர் இடம் என்று பேச்சு.

கொட்டகைக் கம்பத்தில் ஊருக்குப் போகும்போது அவள் எழுதிக் கட்டிய அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ‘தண்ணீர் மாற்ற வேண்டாம். செடியைத் தொட வேண்டாம்.’

“தம்பி!”

அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வாயில் பிரஷ்ஷோடு கொழுந்தன் தமிழ்மாறன் ஓடி வந்தான். முப்பது வயது. சிங்கப்பூரிலிருந்து போன தையில்தான் திரும்பியிருந்தான்.

“அண்ணி, வந்துட்டீங்களா? போன் போட்டிருந்தா வண்டி எடுத்துட்டு வந்திருப்பேனே.”

“செடி எங்க?”

அவன் வாயைக் கொப்பளித்தான். அவசரமில்லாத வேலையை அவசரமில்லாமல் செய்தான்.

“செடி எங்கன்னு கேக்கறேன்.”

“நீங்க போன நாலாம் நாள் கொசு மருந்து அடிக்க ரெண்டு பேர் வந்தாங்கண்ணி. இத்தனை பெட்டியில தண்ணி தேக்கி வெச்சிருக்கீங்களேன்னு சத்தம் போட்டாங்க. மீன் விட்டிருக்கோம், புழு வராதுன்னு சொன்னேன். கேக்கலை. அதான் பெட்டித் தண்ணி மொத்தத்தையும் இறைச்சுட்டுப் புதுசா விட்டேன். மீனெல்லாம் பத்திரமா டிரம்ல இருக்கு.”

“எந்தத் தண்ணி விட்ட?”

“போர் தண்ணி.”

மலர்க்கொடி கண்களை மூடித் திறந்தாள். போர் தண்ணீர் உப்பு. அவள் ஊற்றுவது மழைத் தண்ணீர். அதையும் ஒரு நாளைக்கு ஒரு சொம்புக்கு மேல் மாற்றமாட்டாள்.

“ரெண்டு நாள்ல இலையெல்லாம் கொழகொழன்னு கரைஞ்சு போச்சு அண்ணி. ஒரே நாத்தம். செத்துப்போச்சுன்னு நெனச்சு…”

“சாகலை! தண்ணி மாறினா இலை கரையும். அதோட குணமே அதுதான். வேர் மண்ணுக்குள்ள உயிரோட இருக்கும். சும்மா விட்டிருந்தா ஒரு மாசத்துல குருத்து விட்டிருக்கும். தொடாதேன்னு எழுதிக் கட்டிட்டுத்தானே போனேன்? தமிழ் படிக்கத் தெரியாதா உனக்கு? யார் பிடுங்கினது?”

தமிழ்மாறன் கிணற்றடியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“நான்தான்.”

“ஏன்?”

அவன் பிரஷ்ஷை உதறினான்.

“ஏன்னு கேக்கறேன். உனக்கு அது குப்பை. அதானே? சிங்கப்பூர்ல பத்து மாசம் தாக்குப்பிடிக்க முடியாம ஓடி வந்த. இங்க வந்து என் மூணு வருஷத்தை ரெண்டு நாள்ல நாசம் பண்ணிட்ட. உருப்படியா எதைத்தான் செய்யத் தெரியும் உனக்கு?”

அவன் முகம் வெளிறிப்போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்கிக்கொண்டே உள்ளே போனான்.

எப்போதும் ஒன்று சொன்னால் இரண்டு சொல்கிறவன். அவன் பேசாமல் போனது அவள் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

* * *

பிடுங்கிய செடிகளை எங்கே போட்டார்கள் என்று அம்சம்தான் காட்டினாள். தென்னைக்கு அடியில் எருக்குழி. சாணமும் வாழைச்சருகும் மூடிக் கிடந்தது.

மலர்க்கொடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டாள். மண்வெட்டி வேண்டாம் என்றாள். கையாலேயே தோண்டினாள்.

“மலரு, ஒரு வாய் காபி குடிச்சிட்டு…”

“வேண்டாம் அத்தை.”

“ராத்திரியெல்லாம் பிள்ளை பெத்தவ பக்கத்துல முழிச்சிருப்ப…”

“வேண்டாம்னு சொல்றேன்ல!”

அம்சம் குழியின் ஓரத்தில் குந்தினாள். அவளும் ஒரு கை விட்டுச் சருகை விலக்கினாள்.

முதலில் கிடைத்ததெல்லாம் அழுகல். பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. இன்னும் கொஞ்சம் ஆழத்தில், ஈரம் தங்கிய இடத்தில், விரல் தடிமனில் ஒரு கிழங்கு அகப்பட்டது. பழுப்புத் தோல். கல் மாதிரி இறுகி இருந்தது. மலர்க்கொடி அதைத் தண்ணீரில் அலசினாள். ஒரு ஓரத்தில் நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக இருந்தது.

உயிர் இருக்கிறது.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. இது பிழைத்திருக்கிறது என்றால் எல்லாமே பிழைத்திருக்கும். யாரும் தொடாமல் இருந்திருந்தால் போதும்.

அடுத்த கிழங்கை எடுத்தாள். அதற்கடுத்தது. நாலைந்து கையில் சேர்ந்த பிறகுதான் கவனித்தாள்.

எந்தக் கிழங்கும் முழுசாக இல்லை. எல்லாம் குறுக்காக வெட்டுப்பட்டிருந்தன. பிடுங்கும்போது ஒடிந்தால் நார் பிய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். இது அப்படி இல்லை. வழவழவென்று ஒரே வெட்டு. சிலது மூன்று துண்டு, சிலது நாலு துண்டு.

அந்த நேரத்தில் தமிழ்மாறன் ஒரு பிளாஸ்டிக் தட்டும் ஒரு வாளித் தண்ணீருமாக வந்தான். காலையில் வாங்கிய திட்டு முகத்தில் அப்படியே இருந்தது. ஆனாலும் வந்தான்.

“இதுல போடுங்கண்ணி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எதால அறுத்த?”

“என்னது?”

“பிடுங்கினது பத்தாதுன்னு அறுத்திருக்கியே, எதால? கத்தியா, பன்னரிவாளா?”

“அரிவாளா? நான் எங்கண்ணி…” என்று தொடங்கியவன் சட்டென்று நிறுத்தினான்.

மலர்க்கொடி கையிலிருந்த துண்டுகளைத் தட்டில் மெதுவாக வைத்தாள்.

“அறுத்ததே உனக்குத் தெரியாது.”

தமிழ்மாறன் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.

“நான் ஊர்லயே இல்லை. அத்தை செய்யமாட்டாங்க. நீயும் இல்லை.” அவள் குரல் தணிந்துவிட்டது. “உங்கண்ணன் என்ன சொன்னாரு உன்கிட்ட?”

“தண்ணிய மாத்தினது நான்தானே அண்ணி. தப்பு என்னோடதும்தான். நீதான்னு சொல்லிடு, உன்னைன்னா அவ மன்னிச்சுடுவான்னு அண்ணன்…”

“மன்னிச்சுடுவேனா?”

அம்சம் குழியோரத்தில் தலை நிமிராமல் கிளறிக்கொண்டே இருந்தாள். கை மட்டும் வேகம் குறைந்திருந்தது.

“அத்தை, உங்களுக்கும் தெரியுமா?”

“பார்த்தேன்” என்றாள் அம்சம். “அறுக்கறப்ப அவன் மூஞ்சி எனக்குப் பயமா இருந்துச்சு. கிட்ட போகலை.”

* * *

அவள் கணவன் இளம்பரிதி நண்பகலுக்கு வந்தான். குறுவை நாற்றங்காலுக்கு உழவு ஓட்டிவிட்டு வந்திருந்தான். கால் முட்டுவரை சேறு. கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டு, சமையலறை வாசலில் நின்று தண்ணீர் கேட்டான்.

அவள் சொம்பை நீட்டினாள்.

“குழந்தை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. செடியைத் தம்பி பிடுங்கிடுச்சாமே?”

“ஆமா. தெரியாம பண்ணிட்டான். அவனைப் போட்டுத் திட்டாதே. விடு.”

“திட்டிட்டேன். சிங்கப்பூர் வரைக்கும் இழுத்துத் திட்டிட்டேன். நின்னு வாங்கிக்கிச்சு.” தட்டை எடுத்து வந்து அவன் காலடியில் வைத்தாள். “எந்த அரிவாள்னு மட்டும் அதுக்குச் சொல்லத் தெரியலை. நீங்க சொல்லுங்க.”

சொம்பு அவன் வாயருகே நின்றது. அவன் தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்துச் சொம்பைத் திண்டில் ‘ணங்’ என்று வைத்தான்.

“நான்தான் அறுத்தேன். இப்ப என்ன?”

“ஏன்?”

அவன் கொடியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தான்.

“கூரியர்ல உன் பேருக்கு வந்துச்சு. படி. சத்தமாப் படி. அம்மாவும் கேக்கட்டும்.”

ரிஃப்கா அனுப்பியது. ஊர் பஸ் நிறுத்தத்தில் வைப்பதற்கான விளம்பரப் பலகையின் மாதிரி. மேலே மலர்க்கொடி கண்ணாடித் தொட்டியோடு நிற்கும் படம். அதன்கீழ்ப் பெரிய எழுத்தில் ஒரு வரி.

‘பண்ணையாள் குடும்பத்து மருமகள் சேற்றிலிருந்து மீட்ட செடி.’

மலர்க்கொடி சத்தமாகப் படிக்கவில்லை.

“படிக்க முடியலைல்ல?” இளம்பரிதியின் குரல் உயர்ந்தது. “எங்கப்பா இராஜாங்கம் சாகற வரைக்கும் இந்த வார்த்தையை எவனாவது சொன்னா, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அந்த இடத்தை விட்டே எழுந்து வந்துடுவாரு. குத்தகை பிடிச்சு, ராப்பகலா உழைச்சு, சொந்தமா நெலம் வாங்கி, எங்க ரெண்டு பேரையும் காலேஜ் வரைக்கும் அனுப்பினாரு. எதுக்கு? இந்த வார்த்தை எங்க பின்னாடி வரக் கூடாதுன்னுதான். அதை நீ ஆறடிப் போர்டுல எழுதி, உன் படத்தையும் போட்டு, ஊர் நடுவுல நிறுத்தப் போற!”

“இதை நான் சொல்லலை.”

“அப்ப அந்த அம்மாவுக்கு யார் சொன்னா? ஜோசியமா?”

“இந்தச் செடி வாய்க்கால்ல எங்க இருக்கும்னு எங்க மாமியாருக்குத் தெரியும், அவங்க நடவு வேலைக்குப் போனப்ப பார்த்திருக்காங்கன்னு சொன்னேன். அதைப் பெருமையாத்தான் சொன்னேன். அதை அவங்க இப்படி எழுதியிருக்காங்க. எனக்கும் எரியுதுங்க. வயிறு பத்திக்கிட்டு எரியுது.”

“எரியுதுல்ல? அதேதான் எனக்கும்.”

“உங்களுக்கு எரிஞ்சா, இந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கணும். அவங்களுக்குப் போன் போட்டுத் திட்டியிருக்கணும். மன்னார்குடிக்குப் பஸ் ஏறி வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வெச்சு என்னைக் கேட்டிருக்கணும். எதையும் செய்யலை. காகிதத்தை மடிச்சுப் பத்திரமா பையில வெச்சுக்கிட்டு, பேச வாயில்லாத செடியை அறுத்தீங்க. மொட்டு விட்டிருந்துச்சே, அதைப் பார்த்தீங்களா? அதையும் அறுத்தீங்களா?”

அவன் வேறு பக்கம் திரும்பினான்.

“பூத்திருந்துச்சு” என்றான். “கருஞ்சிவப்பா, முறுக்கிக்கிட்டு.”

மூன்று வருஷமாகக் காத்திருந்த பூ. அதை இவன் ஒருவன்தான் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு அறுத்திருக்கிறான்.

“கோவத்துல செஞ்சுட்டேன் மலர்.”

“சரி, அது கோவம். தம்பி தலையில தூக்கிப் போட்டீங்களே, அதுவும் கோவமா? காலையில அது முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. நீங்க திங்க வேண்டியதை அது தின்னுச்சு. உங்கப்பா ரோஷக்காரர்னு சொல்றீங்களே, அவர் இப்படித்தான் செய்வாரா?”

இளம்பரிதி அடிபட்டவன் போலப் பார்த்தான். ஈரக்கால் சுவடு தரையில் பதிய வாசலுக்குப் போனான்.

மலர்க்கொடி கொட்டகைக்குப் போனாள். தமிழ்மாறன் கிழங்குத் துண்டுகளைக் கழுவி, ஈரமணல் பரப்பிய தட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தான்.

“காலையில பேசினது தப்பு” என்றாள்.

“விடுங்கண்ணி.”

“விடறதுக்கில்லை. தப்புன்னா தப்பு. நீயும் இனிமே யாருக்காகவும் இப்படிப் பொய் சொல்லாதே. எனக்கு அதுலயும் கோவம்தான்.”

அவன் தலையாட்டினான். “கிழங்கைப் படுக்க வைக்கணுமா, நட்டு வைக்கணுமா?”

“படுக்க வை. மேல மண் போடாதே. முளைக்கண்ணு வெளிச்சத்தைப் பார்க்கணும்.”

* * *

மூன்று மணிக்குச் சொன்னபடி ரிஃப்காவின் கார் வந்தது. நாற்பது வயதிருக்கும். தோளில் கேமரா. இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

“பூ எங்க மலர்க்கொடி? வழியெல்லாம் அதே நெனப்பு!”

மலர்க்கொடி கொட்டகைக்கு அழைத்துப் போனாள். ஈரமணல் தட்டுகளைக் காட்டினாள்.

“இவ்வளவுதான் மேடம் மிச்சம். என் வீட்டுக்காரர் அறுத்துட்டார்.”

கொல்லை வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்த இளம்பரிதிக்கு அது தெளிவாகக் கேட்டது. அவன் நகரவில்லை.

ரிஃப்காவின் சிரிப்பு போய்விட்டது. “அறுத்துட்டாரா? எதுக்கு?”

“இதுக்கு.” மலர்க்கொடி காகிதத்தை நீட்டினாள். “அவர் செஞ்சது அக்கிரமம். அதை நான் அவர்கிட்ட பேசிக்கிறேன். இதை நீங்கதானே எழுதினீங்க?”

“அது வெறும் மாதிரி. உங்ககிட்ட காட்டிட்டு மாத்தலாம்னுதான் அனுப்பினேன். படிக்கறவங்க மனசுல நிக்கணும்னு…”

“எந்தப் படிக்கறவங்க மேடம்? இந்த ஊர்ல அந்தப் போர்டைப் படிக்கப் போறது நாங்கதான். தினம் பஸ் ஏறப் போறப்ப படிப்போம். நான் எம்.எஸ்சி. பாட்டனி. அது உங்களுக்குத் தெரியும். செடிக்கு எந்த மண், எந்தத் தண்ணி, எவ்வளவு வெளிச்சம்னு மூணு வருஷமா நோட்டுல எழுதி வெச்சதை நீங்க படம் எடுத்துட்டுப் போனீங்க. அதுல ஒரு வரிகூட இந்தப் போர்டுல இல்லை. என் மாமியாருக்கு அம்சம்னு ஒரு பேர் இருக்கு. அதுவும் இல்லை.”

ரிஃப்கா காகிதத்தை மறுபடி வாசித்தாள். முதல்முறை பார்ப்பது போல வாசித்தாள். முகம் சிவந்தது.

“தப்புதான். யோசிக்காம எழுதிட்டேன். எடுத்துடறேன்.”

“வேற யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கீங்க?”

“எங்க துறைத் தலைவருக்கு. அச்சடிக்கிறவருக்கு.”

“அவங்ககிட்ட இப்பவே சொல்லுங்க. எங்க முன்னாடி சொல்லுங்க.”

ரிஃப்கா ஒரு கணம் தயங்கினாள். பிறகு போனை எடுத்தாள். இரண்டு பேரிடமும் பேசினாள். இரண்டாவது முறை, “அந்த வாசகம் என் தவறு, அந்தக் குடும்பத்தை அவமானப்படுத்துவது போல இருக்கிறது” என்று தெளிவாகவே சொன்னாள். வாசலில் நின்ற இளம்பரிதி தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு போன். அவ்வளவில் முடிந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு ரிஃப்கா தட்டுகளின் முன் உட்கார்ந்தாள். துண்டுகளைத் திருப்பிப் பார்த்தாள்.

“பாதிக்குமேல முளைக்கும். ஆனா இதுங்க திரும்பப் பூக்க எத்தனை வருஷமோ. பூவைப் பார்க்காம இது இன்ன வகைதான்னு நான் எழுத முடியாது மலர்க்கொடி. வர்ற மாசம் கமிட்டி உட்காருது. காட்ட ஒண்ணுமில்லைன்னா இந்த ஆய்வையே எடுத்துடுவாங்க. உங்க இடமும் போயிடும். இதே செடி, மண்ணோட வேரோட வேற எங்கயாவது இருக்கா?”

“எங்கயும் இல்லை. மூணு வருஷமாத் தேடிட்டேன். வாய்க்கால் பூரா சிமென்ட்டு.”

“இருக்கு.”

எல்லோரும் திரும்பினார்கள். அம்சம்தான். எருக்குழிச் சாணம் இன்னும் கையில் காய்ந்திருந்தது.

“மேலத்தெருப் பண்ணையார் சந்தானகிருஷ்ணன் தோப்புக்குள்ள ஒரு சின்ன மதகு இருக்கு. அவங்க சொந்த மதகு. எந்திரமெல்லாம் அங்க போகலை. வேலைக்குப் போன காலத்துல பார்த்திருக்கேன், மதகுக்குக் கீழ நெழல்ல பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். இப்ப பூக்கற காலம்.”

மலர்க்கொடி மாமியாரையே பார்த்தாள். “மூணு வருஷமா நான் கால் தேயத் தேடினேன். உங்களுக்குத் தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லலை?”

“சொன்னா நீ போவ. போகக் கூடாத இடம்.”

“அம்மா!” வாசலிலிருந்து இளம்பரிதி உள்ளே வந்தான். “வேண்டாம். நியாயம் கேட்கப் போன அப்பாவை, வேலைக்காரனை விட்டுக் கேட்டுக்கு வெளியே தள்ளின வீடு அது. நம்ம வீட்டு ஆளுங்க யாரும் அந்தப் படியை மிதிக்கக் கூடாதுன்னு அவர் சொன்னது மறந்துடுச்சா?”

“மறக்கலைடா. தள்ளினப்ப அவர் பக்கத்துல நான்தான் நின்னேன். அவரைத் தள்ளின கை என்னையும்தான் தள்ளுச்சு. அதை யாராவது பேசியிருக்கீங்களா?” அம்சத்தின் குரல் நடுங்கியது. அழுகையில் அல்ல. “அவர் சபதம் போட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. முப்பத்தெட்டு வருஷம் அவர் ரோஷத்துக்கு அடங்கி நடந்தேன். நீ அரிவாளைத் தூக்கிட்டு நின்னப்ப உன் ரோஷத்துக்கும் பயந்து ஒதுங்கினேன். ஏன்டா, எனக்குன்னு ஒரு கோவம் இருக்கக் கூடாதா?”

“அந்தத் தோப்பை மனை போடறாங்க” என்றான் தமிழ்மாறன் மெதுவாக. “நேத்து கல்லு நட்டாங்க. மதகு இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியலை.”

அம்சம் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். “மலரு, வண்டியை எடு.”

மலர்க்கொடி ஸ்கூட்டரை எடுத்தாள். இளம்பரிதி முன்னால் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

“மலர், சொல்றதைக் கேளு. நான் வேற வழி பார்க்கறேன்.”

“கையை எடுங்க.”

“அந்த வீட்ல எங்கம்மாவை யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா…”

“கையை எடுண்ணே” என்றான் தமிழ்மாறன். அண்ணனின் விரல்களை அவனே பிரித்து விட்டான். இளம்பரிதி தடுக்கவில்லை.

* * *

மேலத்தெருவின் கடைசியில் அந்தப் பெரிய வீடு. பக்கத்தில் தோப்புக்குப் போகும் இரும்புக் கேட். கம்பிகள் துருவேறியிருந்தன. ரிஃப்காவின் கார் சற்றுத் தள்ளி நின்றது.

மலர்க்கொடி ஹாரன் அடித்தாள். அரைக்கால் சட்டையும் டீ ஷர்ட்டுமாக ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். சந்தானகிருஷ்ணனின் மகன் ரகுராமன். சென்னையிலிருந்து மனை வேலைக்காக வந்திருப்பவர். அவர்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“யாரும்மா? பிளாட் பார்க்க வந்தீங்களா?”

“இல்லை” என்றாள் அம்சம். “உங்க மதகைப் பார்க்கணும். அங்க ஒரு செடி இருக்கு.”

“மதகா? தாராளமாப் பாருங்க. அங்க என்ன இருக்கப் போகுது?” அவர் கொக்கியில் கை வைத்தார். “உங்க பேர் என்னம்மா?”

“அம்சம். இராஜாங்கம் சம்சாரம்.”

அந்தப் பெயர் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுப் பக்கத்து ஜன்னலுக்குள் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. சந்தானகிருஷ்ணனின் வயதான குரல், இருமலுக்கிடையே, தெருவுக்கே கேட்கும்படி எழுந்தது.

“ரகு! கேட்டைத் திறக்காதே!”

ரகுராமனின் கை கொக்கியிலிருந்து விலகியது. அவர் குழம்பிப்போய் ஜன்னலைப் பார்த்தார்.

மலர்க்கொடி பேச வாயெடுத்தாள். அம்சம் அவளை முழங்கையால் ஒதுக்கினாள். முன்னால் போனாள். துருப்பிடித்த கம்பிகளுக்கு இடையே கையை உள்ளே விட்டு, கொக்கியைத் தானே தூக்கினாள்.